பவளக்கொடி வீட்டு உப்புநக்கிகள்

உப்புநக்கி குருவி இல்லை, குட்டி போட்டுப் பால் கொடுக்கிற ஜாதி என்று முள்ளிக்கரையில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவள் தவசுக்கனிதான். ஆனால் அதை அவள் அடுப்படியில் நின்றுகொண்டு, தன் புருஷன் லிங்கத்துரையிடம் மட்டும், அதுவும் பாதிக் குரலில் சொன்னாள். அவளுடைய ஓரகத்தி பவளக்கொடி, ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறவள், மறுநாள் அதையே தெருக்குழாயடியில் நின்று முழுக் குரலில் சொன்னாள். ஆகவே ஊர் அதைப் பவளக்கொடி கண்டுபிடித்ததாகவே வைத்துக்கொண்டது.

உப்புநக்கியின் உடம்பு ஒரு ஆளின் கட்டைவிரல் நீளம்தான். ரோமம், உப்பளத்துப் பாத்தியில் முதல் தடவை வாரும்போது வருகிற உப்பைப் போல லேசாகச் சாம்பல் ஓடிய வெள்ளை. முன்னங்கால் விரல்களுக்கிடையே வெங்காயச் சருகு மாதிரி ஒரு தோல். விரித்தால் அது இறக்கை, மடக்கினால் கை. வௌவாலைப் போலத் தலைகீழாகத் தொங்காது. நெஞ்சை நிமிர்த்தி, இறக்கையை முன்னால் மடித்து, பந்தியில் இலை விழக் காத்திருப்பவரைப் போல உட்கார்ந்திருக்கும். இருட்டில் பறக்காது. காலை பத்து மணிக்கு, உப்பளத்து வெள்ளை வெயிலில் மனிதர் கண்ணைத் திறக்க முடியாத நேரத்தில் கடல் பக்கமிருந்து வரும், மூன்று மணிக்குத் திரும்பிப் போகும். ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டி. குட்டியைத் தாடைக்குக் கீழே இடுக்கிக்கொண்டு தாய் ஒன்பது நாள் பறக்காமல் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த ஒன்பது நாளும் மற்றவை கன்னத்தில் உப்பை அடக்கிக் கொண்டுவந்து அதற்கு ஊட்டும். இத்தனையும் தவசுக்கனி பார்த்தது, எண்ணியது. எட்டு நாள் என்று பவளக்கொடி ஊரில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்பது.

அது உப்பைத் தவிர வேறொன்றும் தின்னாது, அந்த உப்பிலும் எல்லா உப்பையும் தின்னாது. கண்ணூறு கழிக்கத் தலையைச் சுற்றிய உப்பு மட்டும்தான் அதற்கு ஆகாரம்.

முன்பெல்லாம் முள்ளிக்கரையில் கண்ணூறு கழிப்பதென்றால், பிடி கல்லுப்பும் மூன்று மிளகாய் வற்றலும் எடுத்து, தலையை மூன்று தரம் சுற்றி, மூன்று தரம் துப்பச் சொல்லி, எரிகிற அடுப்பில் போடுவார்கள். உப்பு படபடவென்று வெடிக்கும், ஊரார் கண்ணும் அதோடு வெடித்துப் போகும். கேஸ் அடுப்பு வந்த பிறகு அப்படிப் போட முடியவில்லை. போட்டவர்கள் வீட்டில் பர்னர் ஓட்டை அடைத்துக்கொண்டது. சுற்றிய உப்பை எங்கே போடுவது என்று ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பவளக்கொடி நிற்கவில்லை. தன் மகன் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்த செய்தி வந்த செவ்வாய்க்கிழமை, சுற்றிய உப்பைப் பின்கட்டுச் சுவர் மேல் வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் பத்து மணிக்கு ஏழு உப்புநக்கிகள் வந்து, மிளகாயை ஒதுக்கிவிட்டு உப்பைத் தின்றுவிட்டுப் போயின. அதற்கு முன்னால் அப்படி ஒரு பிராணியை யாரும் பார்த்ததில்லை. வந்த பிறகு, இத்தனை காலம் அது வராமல் இருந்ததுதான் எல்லாருக்கும் விசித்திரமாகப் பட்டது.

வனத்துறையிலிருந்து ஒருவர் குறிப்பேட்டோடு வந்தார். பாக்கெட் உப்பைத் தட்டில் கொட்டி வைத்து, கேமராவோடு இரண்டு நாள் காத்திருந்தார், ஒன்றும் தொடவில்லை. “சார், உங்க தலையச் சுத்திப் போடுங்க” என்றார்கள். சுற்றிப் போட்டார். அப்போதும் தொடவில்லை. “சாரைப் பாத்து யாருக்கும் பொறாமை இல்லை போலிருக்கு” என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அவர் வௌவால் என்று எழுதிக்கொண்டு போனார்.

அதிலிருந்துதான் ஊருக்கு விஷயம் விளங்கியது. சுற்றினால் போதாது; சுற்றப்பட்ட ஆள் மேல் மெய்யாகவே ஒரு கண் விழுந்திருக்க வேண்டும். கண் விழாத உப்பு, எத்தனை சுற்றினாலும், வெறும் உப்பு. எந்தச் சுவரில் உப்புநக்கி உட்காருகிறதோ அந்த வீட்டைப் பார்த்து எங்கோ ஒருவர் வயிறு எரிகிறார் என்று அர்த்தம்.

இது விளங்கிய நாளிலிருந்து முள்ளிக்கரையில் கண்ணூற்றுக்குப் பயப்படுகிறவர்களே இல்லாமல் போனார்கள். முன்பு குழந்தைக்குக் கன்னத்தில் மை வைத்து, புது வீட்டுக்குப் பூசணிக்காய் கட்டி, நல்ல சேலையை இருட்டின பிறகு காயப்போட்டவர்கள் எல்லாம் கதவை அகலத் திறந்து, வாசலுக்கு நேராக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்வாசலில் செருப்பை விட்டுவிட்டு, பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் நேராகப் பின்கட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்தார்கள். “பொண்ணு கருப்புத்தான், ஆனா சுவத்துல நாலு இருக்கு” என்று சம்பந்தம் முடிந்தது. மேலத்தெரு அரியநாயகம் தனக்கு லாட்டரி விழுந்ததாகப் பொய் சொல்லிப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை. பொய் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வடக்குத்தெருவில் இரண்டு குடும்பத்தார் பேசி வைத்துக்கொண்டு, நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்படு, நான் உன்னைப் பார்த்துப் படுகிறேன் என்று ஒப்பந்தம் போட்டார்கள். ஒரு வாரம் ஒருவர் வீட்டை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்ததில் இரண்டு குடும்பத்துக்கும் நல்ல சிநேகம் உண்டாகி, இருந்த ஒன்றிரண்டும் பறந்துபோயின.

பவளக்கொடி வீட்டில் மட்டும் அவை வருஷா வருஷம் பெருகின. ஏழு பத்தொன்பதாகி, பத்தொன்பது நாற்பத்துநான்காகி, பதினோராம் வருஷம் மாசி மாதக் கணக்குப்படி நூற்றுப் பதினேழு. ஊரின் மற்றச் சுவர்கள் எல்லாம் சேர்ந்து பதினாலு. தவசுக்கனியின் சுவரில் ஒன்றும் இல்லை.

தவசுக்கனியின் சுவர் என்றால் அதே சுவர்தான். அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது நடுவில் எழுப்பிய நெஞ்சளவுச் சுவர், மேலே இரண்டு செங்கல் அகலம், ஆளுக்கு ஒரு செங்கல். நூற்றுப் பதினேழும் பவளக்கொடியின் செங்கல்லில் அவள் வீட்டைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருக்கும். நூற்றுப் பதினேழு வாலும் தவசுக்கனியின் பக்கம்.

தவசுக்கனிக்கு அறுபத்திரண்டு வயது, ஐந்தாம் வகுப்பு வரை படிப்பு. உப்பளத்தில் பெட்டி எண்ணுவது அவள் வேலை. பெண்கள் தலைச்சுமையாக உப்புப் பெட்டியைக் கொண்டுவந்து அம்பாரத்தில் தட்டும்போது, பெட்டிக்கு ஒரு சிப்பி என்று ஓலைக்கொட்டானில் போட்டுக்கொண்டே இருப்பாள். முப்பத்துநாலு வருஷத்தில் ஒரு சிப்பி கூடவோ குறையவோ ஆனதில்லை. யாரோடும் சண்டை கிடையாது, யாரோடும் பேச்சும் அதிகம் கிடையாது. அவள் வாயைத் திறந்தால் எண்தான் வரும் என்று அளத்துப் பெண்கள் சொல்வார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சன்னலோரம் உட்கார்ந்து, பவளக்கொடி வீட்டு வாசலில் நின்று பேசிவிட்டுப் போகிறவர்களை எண்ணினாள். நாற்பத்தொன்று. தன் வாசலில் நின்றவர்கள் மூன்று, அதில் இரண்டு பேர், “பவளக்கொடி வெளியே போயிருக்காளா மைனி?” என்று கேட்க நின்றவர்கள். மூன்றாவது ஆள் செருப்பில் குத்திய முள்ளை எடுக்க நின்றார்.

அப்படி என்ன இருக்கிறது அவளிடம் என்று தவசுக்கனி தினமும் தன்னைக் கேட்டுக்கொள்வாள். தினமும் பதில் நீளும். ஐம்பத்தாறு வயதில் முழங்கை தண்டிக்குக் கொண்டை. சிங்கப்பூர் மகன். கருவாட்டைச் சுட்டால்கூடத் தெருவைக் கூட்டுகிற கை. சந்தையில் மீன்காரி அவளுக்கு மட்டும் இரண்டு நண்டு கொசுறு போடுகிறாள். கோயில் கொடைக்கு முளைப்பாரி தூக்கிப் போகிறபோது பவளக்கொடியை முன்னால் விடுகிறார்கள். எண்ணிப் பார்த்தால் முறைப்படி தவசுக்கனிதான் மூத்தவள், மூன்று வருஷமும் நாலு மாதமும் முந்தி அந்தக் குடும்பத்துக்கு வாழ வந்தவள்.

ஒருமுறை அவளும் சுற்றிப் பார்த்தாள். யாரும் பார்க்காதபோது, தன் கையாலேயே தன் தலையைச் சுற்றி, தன் செங்கல்லில் வைத்தாள். இருபத்தேழு நாள் வைத்தாள். இருபத்தேழாம் நாள் ஒரே ஒரு இளம் உப்புநக்கி திரும்பி, தத்தித் தத்தி அவள் பக்கம் வந்து, உப்பை முகர்ந்து பார்த்தது. தவசுக்கனி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். அது ஒரு தும்மல் போட்டுவிட்டு, பழையபடி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது.

லிங்கத்துரை பல் விளக்கிக்கொண்டே இதைப் பார்த்துவிட்டார். “உன்னப் பாத்து வயிறெரியணும்னா எரியறவ கண்ணுக்கு நீ மொதல்ல தெரியணும்லாட்டி” என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அவள் அன்று அவருக்குக் குழம்பில் உப்பே போடவில்லை.

அதற்குப் பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்று. யாரிடமும் கேட்கவில்லை, மனதுக்குள் கேட்டாள். ஒன்று வந்தால் போதும். நூற்றுப் பதினேழு வேண்டாம். ஒரே ஒன்று அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து ஒரு கல் உப்பைத் தின்றால், அவளும் ஒரு ஆள்தான் என்று ஆகிவிடும். அது வருகிறதா என்று பார்ப்பதற்காகவே தினமும் பத்து மணிக்கு அளத்திலிருந்து வீட்டுக்கு வந்து, சுவரோரம் நின்று வால்களை எண்ணினாள். எண்ண எண்ண அடிவயிற்றில் உமி கனல்வது போல ஒன்று கனன்றுகொண்டே இருந்தது. நூற்றுப் பதினேழும் நறநறவென்று தின்றுகொண்டே இருந்தன.

சித்திரையில் அவளுக்கு இடது கண் மங்கியது. உப்பளத்து வெயிலைப் பார்த்த கண்களுக்கு வருகிற புரைதான். தூத்துக்குடியில் இலவச முகாமில் எடுத்துவிட்டு, உப்புத்தூசி படாமல் நாற்பது நாள் இருக்கச் சொன்னார்கள். தவசுக்கனி தங்கை வீட்டில், மூன்றாவது மாடியில் தங்கினாள். சன்னலுக்குக் கீழே துறைமுகச் சாலையில் லாரிகள் போயின. கட்டைப் பிரித்த பிறகு லாரிகளை எண்ணினாள். இலைபோட்டுப் பரிமாறித் தங்கை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். அந்த நாற்பது நாளில் அவள் ஒரே ஒரு தரம்தான் பவளக்கொடியை நினைத்தாள், அதுவும் தங்கை வீட்டுக் குழம்பில் புளி கொஞ்சம் தூக்கலாக இருந்ததால்.

திரும்பி வந்த அன்றே, பையைக்கூட இறக்காமல் பின்கட்டுக்குப் போனாள். எண்ணினாள். ஒன்பது.

ஆபரேஷன் பலிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். இடது கண்ணை மூடி வலது கண்ணால் எண்ணினாள். ஒன்பது. வலதை மூடி இடதால் எண்ணினாள். ஒன்பதுதான், ஆனால் முன்னைவிடத் துலக்கமாகத் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் விலா எலும்பு தெரிந்தது.

“நீ போன மூணாம் நாளுலேருந்து திங்கவேயில்லட்டி” என்றார் லிங்கத்துரை. “அவளும் காலையும் மாலையும் சுத்தோ சுத்துன்னு சுத்துதா. ஒண்ணும் தொடல. கொஞ்சம் செத்துச்சு, கொஞ்சம் பறந்து போச்சு. மத்த வீட்டுப் பதினாலுக்கு ஒரு கொறையும் இல்ல.”

அவர் அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஊர் முழுக்கப் பவளக்கொடியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறது என்று ஊரே பதினோரு வருஷமாக நம்பியிருந்தது. ஊர் படவில்லை. வாசலில் நின்ற நாற்பத்தொரு பேரும் பொழுது போகாமல் நின்றவர்கள். அந்த நூற்றுப் பதினேழுக்கும் ஆகாரம் போட்டது ஒரே ஒரு வயிறுதான், அது யாருடையது என்று இப்போது ஊருக்குத் தெரிந்துவிட்டது.

தவசுக்கனி கதவைச் சாத்திக்கொண்டாள். அறுபத்திரண்டு வருஷம் யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்ததை ஊரார் எல்லாரும் சேர்ந்து எண்ணிவிட்டது போலிருந்தது. நாலு நாள் அளத்துக்குப் போகவில்லை. அந்த நாலு நாளும் அவள் வாசலில் கூட்டம் நின்றது.

“மைனி, எங்க வீட்டுப் பக்கம் ஒரு நடை வந்துட்டுப் போங்க. புதுசா கிரில் கேட் போட்டிருக்கோம்.”

“தவசக்கா, எம்மவ பத்தாவதுல நானூத்தி அறுவது மார்க்கு. சும்மா காதுல போட்டு வைக்கேன். நல்லா மனசுல வாங்கிக்கிடுங்க.”

“இப்படி ஒரு கண்ணை வச்சுக்கிட்டு இத்தன வருசம் ஒருத்திக்கே செலவழிச்சியளே மைனி, ஊருக்குப் பகுந்து குடுத்திருக்கப்படாதா?” என்று அரியநாயகம் மனைவி கதவிடுக்கில் வாயை வைத்துக் கேட்டாள். தெருவே சிரித்தது.

தவசுக்கனி உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பொறாமை எங்கேயும் வரவில்லை. கிரில் கேட்டைப் பார்த்தும் வரவில்லை, மார்க்கைக் கேட்டும் வரவில்லை. எல்லாவற்றையும்விட ஆச்சரியம், பின்கட்டுக்குப் போய் நின்றாலும் பவளக்கொடி மேல் வரவில்லை. யாருமே பொறாமைப்படாத ஒருத்தியைப் பார்த்து எப்படிப் பொறாமைப்படுவது? வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். அணைந்த அடுப்பு மாதிரி இருந்தது. சுவரில் மறுநாள் எட்டு, அதற்கு மறுநாள் ஏழு, பிறகும் ஏழு, பிறகு ஐந்து. ஐந்தில் ஒன்று குட்டி போட்டிருந்தது. குட்டியோடு சேர்த்தால் ஆறு. ஆனால் பால்குடி மறக்காததை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஐந்தாம் நாள் காலை, பத்து மணி அடிக்கிற நேரத்தில், பவளக்கொடி முன்வாசல் வழியாக வந்தாள். தெருவில் நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கையில் ஒரு பிடி உப்போடு வந்து கதவைத் தட்டினாள். பதினோரு வருஷத்தில் அவள் அந்த வாசல்படி ஏறியது அதுதான் முதல் தடவை.

“அக்கா, கதவத் தொறங்க.”

தவசுக்கனி திறந்தாள். இரண்டு பேரும் வீட்டைக் கடந்து பின்கட்டுக்குப் போனார்கள். ஐந்தும் சுவரில் இருந்தன. நிமிர்ந்து உட்காரத் தெம்பில்லாமல் நாலு சாய்ந்து கிடந்தன. தாய் மட்டும் குட்டியை இடுக்கிக்கொண்டு நிமிர்ந்திருந்தது. மற்ற நாலுக்கும் அதற்கு ஊட்ட வழியில்லை.

“என் மேல கொஞ்சம் பொறாமைப்படுங்கக்கா” என்றாள் பவளக்கொடி. “அது தாயும் பிள்ளையுமா கெடக்கு. இன்னிக்குத் திங்கலன்னா நாளைக்கு இருக்காது.”

“அது சொன்னா வருமாட்டி?”

“நான் எடுத்துக் குடுக்கேன். நீங்க பிடிச்சுக்கிடுங்க.” அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஏதோ ஏலம் போடுகிறவளைப் போலத் தொடங்கினாள். “என் மவன் சிங்கப்பூர்ல இருக்கான்லா?”

“ம்.”

“ஏழு மாசமாச்சு அவன் பேசி.” சொன்ன பிறகுதான் அவளுக்கே அது தவறான இடத்தில் போய் முடிந்தது தெரிந்தது. “சரி, அத விடுங்க. இந்தக் கொண்டை?”

“ம், கொண்டை.” தவசுக்கனி நம்பிக்கையோடு நிமிர்ந்தாள்.

பவளக்கொடி தெருப்பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, கொண்டையைப் பிடித்து இழுத்தாள். முக்கால்வாசி கையோடு வந்தது. “ஆறு வருசமா சவுரிதான்க்கா.”

“மீன்காரி உனக்குக் கொசுறு போடுதாளே?”

“அவளுக்கு நான் பழைய சேலை குடுக்கேன்.”

“நாப்பத்தொரு பேரு உன் வாசல்ல...”

“எண்ணினியளா?” பவளக்கொடி சிரித்துவிட்டு, பிறகு சிரிக்கவில்லை. “ஒருத்தி மனசுலகூட நான் இல்லையேக்கா. எனக்குக் காய்ச்சல்னு ஒரு நாள் கதவச் சாத்திப் படுத்திருந்தேன். அன்னிக்கு எல்லாரும் எதுத்த வீட்டுக் கோமதி வாசல்ல நின்னு பேசிட்டுப் போயிட்டாளுவ.”

“நிறுத்துட்டி!” என்றாள் தவசுக்கனி. முழுக் குரலில் வந்துவிட்டது. “நீ சொல்லச் சொல்ல எனக்குப் பாவம்னு வருது. பாவம்னு வந்துச்சுன்னா அதுக ஒரு கல்லத் தொடாது.”

பவளக்கொடி உப்பைத் தலையைச் சுற்றி வைத்துப் பார்த்தாள். தொடவில்லை. தாய் உப்புநக்கி ஒரு தரம் கண்ணைத் திறந்து மூடியது. வெயில் ஏறியது.

தவசுக்கனி தன் பக்கத்துச் செங்கல்லை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று, பழைய பாதிக் குரலில் சொன்னாள். “நீ வேணா என் மேல பட்டுப் பாரேன். இந்தப் பக்கமாச்சும் வந்து திங்கும்.”

பவளக்கொடி அவளை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தாள். அக்கறையாகத்தான் பார்த்தாள்.

“பாத்துட்டேன்க்கா. நாலு நாளா இந்தச் சுவத்தப் பிடிச்சுக்கிட்டு அதத்தான் செய்யுதேன். உங்க மேல எனக்கு வரமாட்டேங்கு. கோவிச்சுக்கிடாதிய.”

சொல்லிவிட்டு அவள் தலையைக் குனியவில்லை. சேலைத் தலைப்பால் முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு என்ன கிழமை என்று சொன்னவளைப் போல நின்றாள்.

தவசுக்கனிக்கு முதலில் வலித்தது. வலி போன இடத்தில் வேறொன்று வந்தது. இதை எப்படி இவள் இப்படிச் சொன்னாள்? இதை எப்படி இவள் முகத்துக்கு நேரே சொன்னாள்? பட்டப்பகலில், தெருவே பார்த்திருக்க, கையில் உப்பை வைத்துக்கொண்டு ஒருத்தி வீட்டுக் கதவைத் தட்டி, எனக்கு இது வேண்டும், கொடு என்று எப்படிக் கேட்டாள்? சவுரியைப் பிடுங்கிக் காட்டி எப்படிக் கேட்டாள்? கேட்டு, இல்லை என்று ஆன பிறகும், கை கால் உதறாமல் எப்படி நிற்கிறாள்?

தவசுக்கனி தன் கல்யாணப் பந்தியில் ரசத்துக்குச் சோறு வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் இலையை மடித்தவள். இரண்டாவது பிரசவத்தில், மருத்துவச்சி அடுத்த அறையில் தூங்க, கூப்பிட வாய் வராமல் சேலையைக் கடித்துக்கொண்டு பிள்ளையைத் தானே பெற்றெடுத்தவள். இளைய மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போன அன்று, இருப்பா என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரு சொல். அவன் வாசலிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை நடந்த காலடி இருநூற்றுப் பன்னிரண்டு. அத்தனையும் எண்ணினாள், அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறுவதற்கு முன் அவன் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான், அப்போதும் சொல்லவில்லை.

இவளாக இருந்தால் சொல்லியிருப்பாள். இவளாக இருந்தால் பஸ்ஸுக்குக் குறுக்கே போய் நின்று சொல்லியிருப்பாள். அவன் போயிருந்தாலும் சொல்லாமல் போகவிட்டிருக்க மாட்டாள். கேட்கிற வாயை இவளுக்கு யார் கொடுத்தது? தனக்கு ஏன் கொடுக்கவில்லை?

அடிவயிற்றில் சுருக்கென்று பிடித்தது. பதினோரு வருஷமாக எரிந்ததெல்லாம் உமி, இது விறகு. கொண்டையைப் பார்த்தும் நண்டைப் பார்த்தும் வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. நெஞ்சு வரை, தொண்டை வரை, அறுவை செய்த கண் வரை எரிந்தது. அவளுக்கு அப்போது பவளக்கொடியைப் பிடிக்கவேயில்லை.

“சுத்துட்டி” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. “சீக்கிரம் சுத்து.”

பவளக்கொடி கையிலிருந்த மிச்ச உப்பைத் தலையைச் சுற்றினாள். மூன்று தரம். சுவரில், தன் செங்கல்லில், தாய்க்கு முன்னால் வைத்தாள்.

தாய் உப்புநக்கி மூக்கை நீட்டியது. ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டது. நற என்று ஒரு சத்தம். தவசுக்கனி எண்ணினாள். இரண்டு. மூன்று. எட்டாவது கல்லில் குட்டி தாடைக்குக் கீழிருந்து தலையை எடுத்துப் பால் தேடியது. பதினாலாவது கல்லைத் தாய் தின்னாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, சாய்ந்து கிடந்த நாலின் பக்கம் திரும்பிப் பார்த்தது. பிறந்து ஒன்பது நாள் ஆகாத குட்டியோடு எந்தத் தாயும் இருந்த இடத்தை விட்டு நகர்ந்ததை அவள் பார்த்ததில்லை. அது நகர்ந்தது. இறக்கையைக் கையாக ஊன்றி ஊன்றிப் போய், பக்கத்திலிருந்ததன் வாயில் உப்பை வைத்தது.

தவசுக்கனியின் செங்கல் வெயிலில் வெறுமையாக இருந்தது. அங்கே ஒன்றும் வரவில்லை, இனி வரப்போவதும் இல்லை.

பவளக்கொடி அவள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் பயந்து, ஒரு அடி பின்னால் வைத்தாள். “போதுமாக்கா?”

“போதாது. இன்னும் மூணு கெடக்கு.” தவசுக்கனி சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இன்னும் ஏதாச்சும் கேளு.”

பவளக்கொடி யோசித்தாள், ஒரு நொடிதான். பிறகு, உலகத்தில் இதைவிட லேசான காரியம் இல்லை என்பதைப் போலக் கேட்டாள்:

“ஒரு டம்ளர் காப்பித்தூள் இருக்குமாக்கா?”